தமிழ் நூற்பதிவுகள் ரோமன் எழுத்தில் இறங்குவது குறித்து

வணக்கம். கோஹா என்னும் நூலக மென்பொருளில், பிற நூலகங்களின் பதிவுகளைத் தேடி எடுக்க உதவும் இசட் 39.50 நெறிமுறை வழியாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து இறக்கிய தமிழ் நூற்பதிவுகள் ரோமன் எழுத்தில் நிற்பதால், வாசகர்கள் தமிழில் தேடினால் எதுவும் கிடைப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்நூலகம் தமிழை ஒலிபெயர்த்துப் பதியும் மரபுடையது. நம் ழகரம் அங்கே அடிக்கோடிட்ட எல் எழுத்தாக இருக்கும்.

நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களாகப் பிரித்துப் பதியும் மார்க் 21 வடிவத்தின் 245 புலத்தில் தலைப்பைத் தமிழ் எழுத்தில் இட்டு, ரோமன் வடிவத்தை மாற்றுத் தலைப்புகளுக்கான 246க்கு மாற்றுங்கள். ஆசிரியர் பெயரை 100இல் தமிழாக்கி, ரோமன் வடிவத்தை மாற்று எழுத்து வடிவங்களுக்கான 880இல் வைத்து, இரண்டையும் 6 என்னும் துணைப்புலத்தால் இணையுங்கள். ரோமன் வடிவத்தை அடியோடு அழித்துவிடும் எண்ணத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். வெளிநாட்டு நூலகப் பட்டியல்களோடு உங்கள் பதிவைப் பொருத்த அதுவும் 010 புலத்திலுள்ள காங்கிரஸ் நூலகக் கட்டுப்பாட்டு எண்ணும் பெரிதும் உதவும். அதிகம் இரவல் போகும் நூல்களிலிருந்து தொடங்குங்கள்.