செம்பனை ஆலையில் ஒரு யோசனை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

நான் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன், நம் ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இரசாயனப் பொறியியலில் டிப்ளோமா முடித்துவிட்டு ஒரு செம்பனை ஆலையின் லேப்பில் வேலை செய்கிறேன். ஷிப்டுக்கு ஷிப்டு எண்ணெய் சாம்பிள் எடுத்து எஃப்.எஃப்.ஏ. (எண்ணெயிலிருந்து கழன்று தனியே நிற்கும் கொழுப்பு அமிலத்தின் அளவு), ஈரம், அழுக்கு பார்ப்பதுதான் வேலை.

சுத்திகரித்த செம்பனை எண்ணெயில் 3-எம்சிபிடி எஸ்டர், கிளைசிடில் எஸ்டர் என்று இரண்டு வேண்டாத பொருட்கள் உருவாவதையும், ஐரோப்பா அவற்றுக்கு வரம்பு வைத்திருப்பதையும் படித்தேன். எங்கள் ஆலையில் செம்பனை ஓடு மலைபோல் கிடக்கிறது. அதைக் கரியாக்கி, சுத்திகரித்த எண்ணெயிலிருந்து அந்த இரண்டையும் உறிஞ்சி எடுக்கும் வடிகட்டி ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. மூத்தவர் ஒருவரிடம் சொன்னேன். "அது ரிபைனரிக்காரன் வேலை, வெளிநாட்டுக் கம்பெனிகள் பார்த்துக்கொள்ளும், நீ சாம்பிள் எடு" என்றார். தோட்டத்து ஆலையில் இருக்கும் ஒருவன் இதிலெல்லாம் கை வைக்க முடியுமா ஐயா? மேற்படிப்புக்கு இதையே எடுக்கலாமா?

க., பெஸ்தாரி ஜெயா

அன்புள்ள தம்பி,

தாராளமாகக் கை வைக்கலாம். ஆனால் வடிகட்டியில் வேண்டாம், ரிபைனரியிலும் வேண்டாம். நீங்கள் நிற்கிற இடத்திலேயே வையுங்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

3-எம்சிபிடி எஸ்டர் எப்படி இருக்கும் என்று பாருங்கள். சாதாரண எண்ணெய் மூலக்கூறில் கிளிசரால் முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்குகின்றன. இதில் ஒன்றோ இரண்டோ தொங்கும், ஓரத்து இடம் ஒன்றில் குளோரின் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். செம்பனை எண்ணெய்க்கு ஐரோப்பா வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். ஒரு கிலோ எண்ணெயில், எண்ணெயைப் போலவே இருக்கிற சில மில்லிகிராமை மட்டும் தேடிப் பிடிக்கும்படி கரியிடம் சொல்கிறோம். கரிக்கு அது தெரியாது. கிளைசிடில் எஸ்டர் கதை வேறு. அதன் வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம், அது எளிதில் வினைபுரியும், அமிலமேற்றிய வெளுப்பு மண்ணோடு மறுபடி ஒருமுறை ஓட்டினால் குறைகிறது. குளோரின்காரன் அப்படி அசைந்து கொடுக்க மாட்டான். உருவான பிறகு பிடிப்பதைவிட உருவாகாமல் தடுப்பதுதான் இங்கே வழி. அரிசியில் கிடக்கும் கல்லை உலையில் போடும் முன்னாலேயே பொறுக்கிவிடுகிறோம் இல்லையா, அதேதான்.

சரி, இந்தக் கல் எங்கிருந்து வருகிறது? தோட்டத்திலிருந்தே வருகிறது. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, அதன் எடையில் கிட்டத்தட்டப் பாதி குளோரின். மரம் அதையும் சேர்த்தே உறிஞ்சுகிறது. பிரஸ்ஸில் பழம் நசுங்கும்போது எண்ணெயோடு பழச்சாறும் வெளியே வருகிறது, அந்தச் சாற்றில் குளோரைடு இருக்கிறது. மண்ணில் உருண்ட உதிரிப் பழம் இன்னும் கொஞ்சம் கொண்டுவருகிறது. தெளிவுத் தொட்டியில் நீர் பிரிந்தாலும் மிச்சம் மீதி எண்ணெயோடு போய்விடுகிறது. ரிபைனரியில் வாடை நீக்கும் கோபுரத்தில் 240, 260 டிகிரி வரை சூடேற்றும்போது வினை நடக்கிறது. அங்கே சூட்டைக் குறைத்தால் கிளைசிடில் எஸ்டர் நன்றாகக் குறையும், அது முக்கியமாக 230-ஐத் தாண்டிய பிறகுதான் வேகமெடுக்கிறது. 3-எம்சிபிடி அதைவிடக் குறைந்த சூட்டிலேயே உருவாகிவிடுவதால் சூட்டை மட்டும் குறைத்து அதை அடக்க முடியாது. அதற்குக் குளோரைடு உள்ளே வராமலிருக்க வேண்டும்.

ரிபைனரிக்காரர்கள் ஏன் அவ்வளவு சூடு வைக்கிறார்கள் என்றும் நீங்கள் கேட்க வேண்டும், ஏனென்றால் பதில் உங்கள் லேப் நோட்டிலேயே இருக்கிறது. கொழுப்பு அமிலத்தை ஆவியாக்கி உருவி எடுக்கத்தான் அந்தச் சூட்டில் பெரும்பகுதி. எஃப்.எஃப்.ஏ. கூடினால் அவர்களுடைய வேலையும் கூடும். குலை விழுந்து அடிபட்டு, தோட்டத்து ஓரத்தில் ஒரு இரவு கிடந்தால், பழத்துக்குள் இருக்கும் லைபேஸ் நொதி எண்ணெயை அறுக்கிறது. ஒரு மூலக்கூறை அறுத்தால் ஒரு கொழுப்பு அமிலம் கழன்று வரும், மீதி இரண்டு அமிலம் தொங்கும் டைகிளிசரைடாக நிற்கும். கிளைசிடில் எஸ்டர் பிறப்பது இந்த டைகிளிசரைடிலிருந்துதான்! ஆக அடிபட்ட ஒரே பழம் சூட்டையும் கூட்டச் சொல்கிறது, அந்தச் சூட்டில் கெட்டுப்போகும் பொருளையும் சேர்த்து அனுப்புகிறது. நீங்கள் ஷிப்டுக்கு ஷிப்டு எழுதுகிற அந்த எண்ணை யாராவது இப்படிப் படித்திருக்கிறார்களா? குலையை வேகவைக்கும் ஸ்டெரிலைசரில் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் நீராவி விடுவது பழம் உதிர்வதற்கு மட்டுமில்லை, அந்த நொதியைக் கொல்வதற்கும்தான். அது சாகும்வரை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை இருக்கிறது. லாரி வரிசையில் நிற்கும் நேரம், குலையைக் கொட்டும் உயரம், குலையேற்றிய கூண்டு ஸ்டெரிலைசருக்குக் காத்திருக்கும் நேரம், எல்லாமே இரசாயனம்தான். இதை வெளிநாட்டுக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது. குலை வெட்டுகிறவரோடும் லாரி ஓட்டுகிறவரோடும் நீங்கள் தினமும் பேசுகிறீர்கள், அவர்களால் அது முடியாது.

இங்கே யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை என்கிற எண்ணம் மூத்தவர்கள் வாயிலிருந்து வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம், 1917-இல் நட்டது, உங்கள் ஊர்ப் பக்கம்தானே. ரப்பரை எடுங்கள். நம் அப்பா அம்மா காலத்தில் பாலில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறையவைத்து, தகடாக்கி, புகைக்கூடத்தில் நாள்கணக்கில் காயவைத்தார்கள். மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தார் மிகக் கொஞ்சம் ஆமணக்கெண்ணெயைச் சேர்த்து, உறைந்த ரப்பரை உருளைகளில் விட்டால் அது தகடாகாமல் தூளாக உதிர்கிறது என்று காட்டினார்கள். தூள் சூடான காற்றில் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். 1965-இல் வந்த எஸ்.எம்.ஆர். (ஸ்டாண்டர்ட் மலேசியன் ரப்பர்) தர முறையும் இந்தத் தூள் ரப்பரும் சேர்ந்து வணிகத்தையே மாற்றின. காயவைப்பதில் இருந்த சிக்கலை அடுப்பில் தேடாமல், அதற்கு முந்தைய படியில் போய்த் தீர்த்திருக்கிறார்கள். நான் உங்களிடம் கேட்பதும் அதைத்தான்.

இப்போது செய்ய வேண்டியது. ஆலையிலிருந்து வரும் கச்சாச் செம்பனை எண்ணெயைச் சுடுநீரில் கழுவினால் குளோரைடு குறையும் என்பது ஏற்கெனவே தெரிந்த வழி, அதற்குக் காப்புரிமைகளும் உண்டு. அதனால் "கழுவலாம்" என்பது உங்கள் கண்டுபிடிப்பாகாது. ஆனால் எந்த இடத்தில் கழுவுவது, எவ்வளவு குறைந்த நீரில், அந்த நீரை எங்கே விடுவது, இதிலெல்லாம் இன்னும் நிறைய இடமிருக்கிறது. ஒரே லாட் எண்ணெயை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றை 90 டிகிரி சுடுநீரில், எண்ணெயில் 5 சதவீத அளவுக்கு நீர் விட்டுக் கழுவுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒரே மாதிரி காயவையுங்கள். கழுவிய நீரில் குளோரைடு எவ்வளவு என்று வெள்ளி நைட்ரேட் வைத்து உங்கள் லேப்பிலேயே பார்த்துவிடலாம். எண்ணெயில் உள்ள மொத்தக் குளோரினுக்குத்தான் வெளி லேப் வேண்டும். அப்புறம் உதிரிப் பழம் அதிகம் வந்த நாள், மழை நாள், லாரி தாமதமான நாள் என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். அந்தப் பட்டியல் மற்றவர்களிடம் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. கழுவிய நீரையே பிரஸ்ஸில் எண்ணெயை நீர்க்கச் செய்ய ஊற்றும் நீராகத் திருப்பி விட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் செய்தால் எடுத்த குளோரைடு மறுபடி எண்ணெயோடு சேரும். கழிவுநீர்க் குளத்துக்கு விட்டால் கழிவு கூடும், ஏற்கெனவே ஒரு டன் கச்சா எண்ணெய்க்குச் சுமார் 2.5 டன் கழிவுநீர் வருகிறது, அதன் பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் பக்கம். வெளியே விடும் நீரின் பிஓடி வரம்பை 1978-இல் 5,000 என்று தொடங்கி 1984-க்குள் 100-க்கு இறக்கிய சட்டத்தால்தான் நம் ஆறுகள் ஓரளவு தப்பின. ஒரு இடத்தில் சுத்தம் செய்து இன்னொரு இடத்தில் கொட்டுகிற முறையை முன்னேற்றம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், நீங்களும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

காப்புரிமை பற்றிக் கொஞ்சம். வெளியே பேசும் முன் உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் படியுங்கள், முதலாளியின் இயந்திரத்திலும் தரவிலும் பிறந்தது பெரும்பாலும் முதலாளிக்கே போகும். சட்டத்தில் நியாயமான ஊதியம் கேட்கவும் வழியிருக்கிறது. நம் நாட்டில் முழுக் காப்புரிமை இல்லாமல் பயன்பாட்டுப் புத்தாக்கம் என்று ஒரு சான்றிதழும் உண்டு. புதியதாகவும் தொழிலுக்குப் பயன்படுவதாகவும் இருந்தால் போதும், புத்தாக்கப் படி, அதாவது துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும் என்ற கடினமான நிபந்தனை அதற்குக் கிடையாது. சின்ன முன்னேற்றத்துக்கு அது நல்ல வாசல். ஒவ்வொரு நாளும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.

மேற்படிப்புக்கு இதை எடுங்கள், வடிகட்டியை விட்டுவிட்டு, "வெட்டியதிலிருந்து ஸ்டெரிலைசர் வரை போகும் நேரமும் எண்ணெயின் டைகிளிசரைடும்" என்பது போல ஒரு கேள்வியோடு போங்கள். எந்தப் பேராசிரியரும் ஆலைக்குள் நுழைய முடிகிற மாணவனை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஓட்டுக் கரியையும் தூக்கிப் போட வேண்டாம். பிஓடி இறங்கிய பிறகும் கடைசிக் குளத்து நீர் தேநீர் நிறத்திலேயே வெளியே போகிறது, அந்த நிறத்தைப் பிடிக்கக் கரிக்குத் திறமை உண்டு. ஒரு குடுவையில் அந்த நீரை எடுத்து உங்கள் கரியைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள், எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தெளிகிறது என்று எழுதி அனுப்புங்கள்.