சேலை கட்டினால் அரசியலா?

கேள்வி: ஐயா, கோலாலம்பூரில் படிக்கும் என் மகன் ‘டிராக்’ கலைஞர்களின் அரசியலைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறான். ஆண்கள் பெண் வேடம் கட்டி மேடையேறுவதாம். நம் தோட்டத்துத் திருவிழா நாடகங்களிலும் ஆம்பிளைகள்தானே சேலை கட்டினார்கள்? இதில் அரசியல் எங்கிருந்து வந்தது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, அப்படிச் சேலை கட்டியவர்களில் நானும் ஒருவன். அல்லி அரசாணியாக நின்றபோது எனக்கு அரசியல் எதுவும் தோன்றியதில்லை. எங்கள் தோட்டத்தில் பெண்கள் மேடையேறாத காலம். மீசை முளைக்காத பையனைப் பிடித்து ஏற்றினார்கள், அவ்வளவுதான். ஆனால் நடுவில் ஒரு கோமாளிக் காட்சி வரும். அதில் நான் கிராணியின், அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளையின், மனைவி. “எங்க வீட்டுக்காரரு தராசுல ஒரு விரல் வெச்சா எனக்கு ஒரு வளையல்” என்று கையைக் குலுக்குவேன். ரப்பர் பால் நிறுவையில் ஏமாந்த சனமெல்லாம் விசிலடிக்கும். தமிழ் தெரியாத துரையும் சேர்ந்து சிரிப்பார். கிராணி மட்டும் சிரிக்க மாட்டார். அதே பேச்சை மறுநாள் பால் ஸ்டோரில் கால்சட்டையோடு பேசியிருந்தால் அப்பாவுக்கு வேலை போயிருக்கும். உங்கள் மகன் சொல்லும் அரசியல் அந்தக் காட்சியில்தான் இருந்தது, அல்லியிடம் இல்லை.

தென்னாப்பிரிக்காவில் பீட்டர்-டிர்க் ஏஸ் இதைப் பெரிய அளவில் செய்தார். நிறவெறி ஆட்சிக் காலத்தில் எவிட்டா என்ற வெள்ளைக்காரச் சீமாட்டியாக வேடம் கட்டினார். கறுப்பர்களுக்கென அரசு ஒதுக்கிய போலி ‘தாயகங்கள்’ இருந்தன அல்லவா, அப்படிக் கற்பனையான ஒன்றுக்கு எவிட்டா தூதராம்! அரசை அவர் மெச்ச மெச்ச அதன் மானம்தான் போயிற்று. ஆட்சி மாறிய பிறகு மண்டேலாவே எவிட்டாவுக்குத் தொலைக்காட்சியில் பேட்டி கொடுத்தார்.

எனக்கு இன்னும் பிடித்தவர் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர டிராக் கலைஞர் ஹோசே சாரியா. ‘ஏமாற்றும் நோக்கத்தோடு’ பெண் உடை அணிந்தார்கள் என்று அங்கே போலீஸ் ஆட்களைப் பிடித்தது. சாரியா என்ன செய்தார் தெரியுமா? ‘நான் ஆண்பிள்ளை’ என்று எழுதிய சீட்டுகளை விநியோகித்து, உடையில் குத்திக்கொள்ளச் சொன்னார். அப்புறம் ஏமாற்று எங்கே? 1961-ல் நகர மேற்பார்வையாளர் குழுத் தேர்தலிலும் நின்றார். தோற்றார்தான், ஆனால் ஏறக்குறைய 6,000 வாக்குகள்.

அயர்லாந்தின் டிராக் கலைஞர் பாண்டி பிளிஸையும் மகன் விடக்கூடாது. 2014-ல் டப்ளின் ஆபி அரங்கில், 1913 தொழிலாளர் கதவடைப்பைப் பற்றிய நாடகம் முடிந்ததும், அதே மேடையில் நின்று ஓரினச் சேர்க்கையாளர்கள் படும் அவமானத்தைப் பேசினார். மறு ஆண்டு அந்நாட்டு மக்கள் 62 விழுக்காடு வாக்களித்து ஒரே பாலினத் திருமணத்தை ஏற்றார்கள். ஒரு பேச்சினால் மட்டும் வந்ததல்ல அது, சரி.

மகனிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்: திருநங்கையரை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம். அவர்கள் உடுத்துவது வேடமில்லை, அன்றாட உடை. முஸ்லிம் ஆண்கள் பெண் உடை அணியத் தடைபோடும் நம் நெகிரி செம்பிலான் மாநில ஷரியா சட்டத்தை எதிர்த்து மூன்று திருநங்கையர் 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். வழக்குத் தொடுத்த முறை சரியில்லை என்று 2015-ல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது.