கழுத்துப் புண் ஆறட்டும்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 44. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. கணவர் ஐந்து வருடமாகக் குவைத்தில் இருக்கிறார். வீட்டில் ப்ளஸ் டூ படிக்கும் மகனும், பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துபோன அத்தையும் (மாமியார்) நானும்தான். சபையில் ஓய்வுநாள் பாடசாலை, பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கணக்கு, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் எல்லாவற்றிலும் இருக்கிறேன். பல வருடங்களாக நாலு மணிக்கு எழுந்து ஜெபிப்பேன். இப்போது முழங்காலில் இருந்தபடியே தூங்கிவிடுகிறேன். வேதத்தைத் திறந்தால் எழுத்துதான் தெரிகிறது. போன மாதம் ஒரு ராத்திரி அத்தை மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, "உங்களுக்கு ஒரு முடிவு வராதா?" என்று கேட்டுவிட்டேன். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் பின்மாற்றத்தில் (விசுவாசத்தை விட்டு விலகிய நிலையில்) போய்விட்டேனோ என்று பயமாக இருக்கிறது. கர்த்தருக்குள் இளைப்பாறு என்கிறார்கள். அது எப்படி? ஊழியத்தைக் குறைத்தால் வெதுவெதுப்பான கிறிஸ்தவளாகிவிட மாட்டேனா?
ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம் (கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மூன்று முறையும் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிய முகத்தில்தான் வந்து நின்றேன். நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

வெதுவெதுப்பு, அதாவது அனலும் இல்லாமல் குளிரும் இல்லாமல் இருப்பது, என்ற சொல் வெளிப்படுத்தின விசேஷம் மூன்றாம் அதிகாரத்தில் லவோதிக்கேயா சபைக்குச் சொல்லப்பட்டது. அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். அந்தச் சபையார் "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று சொல்லிக்கொண்டு இருந்தார்கள். அதுதான் அவர்களுடைய வெதுவெதுப்பு. நீங்களோ இரண்டு பக்கம் நிறையக் குறைவை மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். வெதுவெதுப்பானவர்கள் இப்படிக் கடிதம் எழுத மாட்டார்கள். நீங்கள் பின்மாறிப் போகவில்லை. களைத்துப் போயிருக்கிறீர்கள். இரண்டும் வெளியில் இருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும். நமக்கு உள்ளே இருந்து பார்த்தாலும் அப்படித்தான் தெரியும், அதுதான் கஷ்டம்.

எலியா தீர்க்கதரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் அக்கினியை இறக்கியவர் அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறார். உங்கள் சபையில் யாராவது இப்படிச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? விசுவாசக் குறைவு என்போம், மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொல்வோம். கர்த்தருடைய தூதன் தட்டி எழுப்பிச் சொன்னது "எழுந்திருந்து புசி" என்பது மட்டும். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டார், திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாந்தரம் வந்தபோதும் திட்டவில்லை. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லி மறுபடி சாப்பிட வைத்தான். பிறகு ஓரேப் மலையில் கர்த்தர் அவரோடு பேசிய அந்த மெல்லிய சத்தத்தைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அதற்கு முன்னால் வந்த இரண்டு சாப்பாட்டையும் இரண்டு தூக்கத்தையும் பற்றி நான் அதிகம் கேட்டதில்லை.

இனி நுகத்துக்கு வருகிறேன். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்று இயேசு கூப்பிடுகிற வசனம் நம் வீடுகளில் காலண்டரில் தொங்குகிறது. அதற்குப் பின்னால் "என் நுகம் மெதுவாயும், என் சுமை இலகுவாயும் இருக்கிறது" என்று வருகிறது. இந்த "மெதுவாய்" என்ற சொல்லை நாம் இன்று "மெல்ல" என்ற அர்த்தத்தில் வாசித்துவிட்டுப் போய்விடுகிறோம். அங்கே அது மெத்தென்று இருப்பது. பழைய ஆட்கள் "தோசை மெதுவா இருக்கு" என்பார்களே, அந்த மெது. கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருக்கிற சொல்லுக்கு நல்லது, இசைவானது, தயவானது என்றெல்லாம் பொருள் உண்டு. "கர்த்தர் தயையுள்ளவர்" என்று பேதுரு தம் முதல் நிருபத்தில் எழுதுகிற இடத்திலும் அதே சொல்தான். உறுத்தாத நுகம். கழுத்தைப் புண்ணாக்காத நுகம்.

எங்கள் அப்பா நாங்குநேரிப் பக்கம் இரண்டு ஜோடி மாடு வைத்திருந்தார். ஒரு தடவை பக்கத்து வயல்காரர் மாட்டை இரவல் வாங்கிப்போய், தன் நுகத்தடியில் பூட்டி நாலு நாள் உழுதுவிட்டுக் கொண்டுவந்து விட்டார். கழுத்து மேட்டில் ஒரு கை அகலத்துக்குத் தோல் உரிந்து ஈ மொய்த்தது. அந்த நுகத்தடி சரியாகச் செதுக்காதது, எங்கள் மாட்டின் கழுத்துக்கு ஒத்துவராதது. அப்பா வேப்பெண்ணெயும் மஞ்சளும் போட்டு, புண் ஆறும்வரை அதை எதிலும் பூட்டவில்லை. உழவு நேரம். அம்மா கூடச் சத்தம் போட்டார்கள். "ஆறாமப் பூட்டுனா அது அப்புறம் நுகத்தைப் பார்த்தாலே மிரளும்" என்றார் அப்பா.

உங்களுக்கு நடந்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். ஜெபம் என்றாலே மனசு மிரள்கிறது, வேதம் என்றாலே கண் சொக்குகிறது. கழுத்தில் புண் இருக்கிறது. அது இயேசுவின் நுகம் உண்டாக்கிய புண்ணாக இருக்க முடியாது, ஏனென்றால் அவருடையது உறுத்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படியானால் உங்கள் மேல் இருப்பவற்றில் எது அவர் வைத்தது, எதை நம் ஆட்கள் பூட்டினார்கள், எதை நீங்களே மாட்டிக்கொண்டீர்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரு தாளை எடுத்து விடை எழுதுங்கள். நான் தூரத்திலிருந்து பார்த்தவரை, அத்தையும் மகனும் அவர் உங்கள் கையில் கொடுத்தவர்கள். பள்ளிக்கூடம் உங்கள் பிழைப்பும் அழைப்பும். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது மட்டும் உங்கள் எழுத்தில் ஒரு உயிர் இருந்தது, அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தனியாக வேண்டாம். எலியாவுக்கு ஓரேபில் கிடைத்த பதிலில், அவருக்குப் பின் தீர்க்கதரிசியாக வரவேண்டிய எலிசாவும் இருந்தார். உங்கள் சபையில் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண் இருப்பாள், அவளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். பெண்கள் சங்கத்துக் கணக்கு நோட்டை இந்த மாதமே ஒப்படைத்துவிடுங்கள். உங்களைத் தவிர யாருக்கும் கூட்டத் தெரியாது என்று அவர்கள் சொல்வார்கள். நீங்கள் வருவதற்கு முன்னாலும் அந்தச் சங்கம் நடந்தது. வெள்ளிக்கிழமை உபவாசத்தை டாக்டர் சரி என்று சொல்லும்வரை நிறுத்துங்கள். ஆமாம், டாக்டரைப் பார்க்க வேண்டும். 44 வயதில், ராத்திரித் தூக்கம் இல்லாமல், வாரத்தில் ஒருநாள் பட்டினியும் இருந்து முழங்காலில் தூங்கி விழுகிற பெண்ணுக்கு ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பிரஷர் பார்க்காமல் ஆவிக்குரிய காரணம் தேடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எதிலும் மனசு ஒட்டவில்லை, செத்துப்போகலாம்போல இருக்கிறது என்று எப்போதாவது தோன்றினால் அதையும் அந்த டாக்டரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். சுவிசேஷம் எழுதிய லூக்காவும் வைத்தியர்தானே.

இதையெல்லாம் படித்ததும் உங்களுக்குள் ஒரு குரல் எழும்பும் என்று எனக்குத் தெரியும்: நான் விட்டால் எல்லாம் விழுந்துவிடும். அந்தக் குரல் எனக்கு நன்றாகப் பழக்கம்.

எங்கள் இளைய மகனுக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் நாலு ராத்திரி நான் கண்ணை மூடவில்லை. ஜெபித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் பிள்ளையின் மூச்சு நின்றுவிடும் என்று ஒரு பயம். ஐந்தாம் நாள் எங்கள் சபையில் பைபிள் உமனாக (வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக்கொடுக்கிற ஊழியராக) இருந்து ஓய்வுபெற்ற பாட்டியம்மா பஸ் ஏறி வந்தார்கள். கையில் தூக்குச்சட்டியில் இட்லி. நீளமாக ஜெபிப்பார்கள் என்று நான் தலையில் முக்காடு போட்டேன். அவர்கள் கட்டிலுக்குக் கீழே ஜமுக்காளத்தை விரித்தார்கள். "நீ ஜெபிக்கலைன்னா பிள்ளை போயிருவான்னு நினைக்கியா? படுத்துக்கோ தாயி. நான் முழிச்சிருக்கேன். அவரும் தூங்க மாட்டாரு" என்றார்கள். நான் விழித்தபோது வெளியே நன்றாக விடிந்திருந்தது. பாட்டி அதே ஸ்டூலில், மகனின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

மகன் பிழைத்தான். அதற்காக இதைச் சொல்லவில்லை. பிழைக்காத பிள்ளைகளின் தாய்மாரும் அந்த வார்டில் இருந்தார்கள், அவர்களும் ஜெபித்தார்கள். அன்றைக்கு நான் கண்டுகொண்டது என்னைப் பற்றியது. நாலு நாளும் நான் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டேனே தவிர, பிள்ளையை அவர் கையில் கொடுக்கவே இல்லை. என் ஜெபத்தால் அவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை" என்ற சங்கீதம் சின்ன வயதிலிருந்து மனப்பாடம். அவர் தூங்காததால்தான் நான் தூங்கலாம் என்பது அந்த ஜமுக்காளத்தில்தான் புரிந்தது.

ஆதியாகமத்தில் நாளைக் கணக்கிடுகிற விதத்தைப் பாருங்கள். "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்றுதான் வரும். சாயங்காலத்தில் நாள் தொடங்குகிறது. யூதர்கள் இன்றும் ஓய்வுநாளை வெள்ளி மாலை சூரியன் அடையும்போது தொடங்குகிறார்கள். நாளின் முதல் பாதியில் மனுஷன் தூங்குகிறான், கர்த்தர் வேலை செய்கிறார். காலையில் எழுந்து, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற வேலையில் நாம் போய்ச் சேர்ந்துகொள்கிறோம். உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாளுக்கு ஒரு காரணமும் சொல்லியிருக்கிறது: எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய் என்பதை நினைத்துக்கொள். நிறுத்த உரிமை இல்லாதவன் அடிமை. ஊழியம் என்ற பெயரிலும் நாம் அப்படி ஆகிவிடக்கூடாது, தங்கையே.

ஆனால் முழுதாய் அர்ப்பணித்தவர்கள் ஓய்வெடுத்தார்களா என்று கேட்பீர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே டோனாவூர் இருக்கிறது. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர். 1931-இல் கீழே விழுந்து கால் முறிந்தது. அதன்பின் 1951-இல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலும்தான். படுக்கையிலிருந்தும் எழுதினார் என்பது உண்மை. ஆனாலும் ஓடிய கால்கள் நின்றுபோன அந்த இருபது வருடத்தைக் கழித்துவிட்டு அவருடைய அர்ப்பணிப்பைக் கணக்குப் போட யாருக்காவது மனசு வருமா?

நாலு மணி ஜெபத்தைப் பற்றி. இப்போதைக்கு அலாரத்தை ஐந்தரைக்கு மாற்றுங்கள். எழுந்ததும் பட்டியல் வாசிக்க வேண்டாம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து 131-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், மூன்றே வசனம். "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல" என்று ஒரு வரி வரும். பால் குடிக்கிற பிள்ளை மடிக்கு வந்ததும் முண்டும், அழும், தேடும். பால்மறந்த பிள்ளைக்கு மடியில் எந்த வேலையும் இல்லை. சும்மா கிடக்கும், அம்மாவின் வளையலை உருட்டிக்கொண்டு. பத்து நிமிஷம் அப்படி இருங்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள். எந்தத் தாயும் மடியில் தூங்கிய பிள்ளையை அவமரியாதை செய்துவிட்டாய் என்று எழுப்பியதில்லை.

உடனே ஒன்றும் மாறாது. இளைப்பு ஆறுவது பால் ஆறுவதுபோல, புண் ஆறுவதுபோல. கிளறாமல் விட்டால்தான் ஆறும், அதற்கு நாள் ஆகும். சில வாரங்கள் வறண்டே இருக்கலாம்.

இனி அந்த ராத்திரி. நீங்கள் சொன்ன வார்த்தை தப்பு. களைப்பு அதற்குக் காரணம், ஆனால் நியாயம் ஆகாது. அதைக் கர்த்தரிடம் மட்டும் அறிக்கை செய்துவிட்டு இருந்துவிடாதீர்கள். இன்று சாயங்காலம் அத்தைக்குச் சாப்பாடு ஊட்டி முடித்ததும், அசையக்கூடிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சிருங்க" என்று சொல்லுங்கள். விளக்கம் சேர்க்க வேண்டாம். அவர்கள் பேசாமல் இருக்கலாம், அழலாம். பக்கத்தில் இருங்கள். அவர்களும் மாதக்கணக்காக ஒரு நுகத்தின் கீழ்தான் கிடக்கிறார்கள்.

கணவரிடம் போனில் "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்வதை நிறுத்திவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள். வாரத்தில் மூன்று ராத்திரி அத்தைக்குத் துணை படுக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க அவரால் முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மகனும் ப்ளஸ் டூ என்பதற்காகப் பாட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்காமல் இருக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் அத்தையின் பெயர் இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும். கணக்கு நோட்டை யாரிடம் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் அக்கா