வாட்ஸ்அப் கணக்கு பறிபோய்விட்டது. நண்பர்களிடம் என் பெயரில் பணம் கேட்கிறார்கள். எப்படி மீட்பது?

முதலில் உங்கள் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து அதே எண்ணைக் கொடுத்து மறுபடி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்கக் குறியீட்டைப் போட்டதுமே திருடியவர் வெளியேற்றப்படுவார். சிம் உங்களிடம் இருக்கும்வரை அந்த எஸ்எம்எஸ் உங்களுக்கே வரும். குறியீட்டைத் தவறாகப் பலமுறை அடிக்காதீர்கள்; சில மணி நேரம் காத்திருக்க வைத்துவிடும்.

அதன்பின் நீங்கள் வைக்காத ஒரு பின் நம்பரைக் கேட்டால், அதைத் திருடியவர் வைத்திருக்கிறார் என்று பொருள். 7 நாள் கழித்துப் பின் இல்லாமலே உள்ளே போகலாம். அந்த 7 நாளும் அவராலும் கணக்கைப் பயன்படுத்த முடியாது, பதற வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தில் தெரிந்தவர்களுக்குப் போன் செய்து சொல்லுங்கள். யாராவது பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. நாளை பார்ப்போம் என்று விடக்கூடாது.

குறியீட்டை யாருக்கும் சொல்லவில்லையா? "இந்த எண்ணை டயல் செய்யுங்கள்" என்று யாராவது சொல்லிச் செய்திருக்கலாம். அது அழைப்புகளைத் திருப்பிவிடும் தந்திரம். குறியீடு குரல் அழைப்பாக அவருக்குப் போய்விடும். ##002# டயல் செய்து ரத்து செய்யுங்கள்.

கணக்கு கைக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பார்த்து அறியாதவற்றை நீக்குங்கள். இரு படிச் சரிபார்ப்பை (நீங்களே ஒரு பின் நம்பர் வைப்பது) இயக்கி, மறக்காமல் மின்னஞ்சலையும் சேருங்கள்.