18 மாதத்தில் கப்பல் பயணம்: தவணையா, டெபாசிட்டை உடைப்பதா?

கேள்வி: எனக்கு வயது 55, கணவருக்கு 59. இன்னும் ஒன்றரை ஆண்டில் அவர் ஓய்வு பெறுகிறார். அந்தக் கையோடு, ஒரு பெரிய சொகுசுக் கப்பலில் 7 இரவு போய்வர ஆசை. 78 வயது அத்தையைத் தனியே விட முடியாது, அவரும் வருகிறார். ‘சாப்பாடு, தங்கும் அறை, கேளிக்கை எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம்’ என்கிறது விளம்பரம். கிரெடிட் கார்டில் 24 மாதத் தவணையில் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்துக் கட்டலாம் என்பது என் எண்ணம். என் தம்பியோ, கப்பல் நிறுவனத்தின் பங்கு 100 வாங்கினால் சலுகை கிடைக்கும் என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: மூன்றுமே வேண்டாம் அம்மா. ஆனால் பயணம் வேண்டும், தாராளமாகப் போய்வாருங்கள்.

முதலில் உங்கள் கணவரின் யோசனை. இன்று தவணை தொடங்கினால், 18 மாதத்தில் அவர் ஓய்வு பெறுகிறார், கப்பலில் போய்த் திரும்பியும் விடுகிறீர்கள். தவணை மட்டும் இன்னும் ஆறு மாதம் ஓடும். ஓய்வுக்காலத்தின் முதல் ஆறு மாதம், புது வருமானத்துக்குக் குடும்பம் பழக வேண்டிய காலம். அப்போது போய், முடிந்துபோன ஒரு வாரத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பதா? உங்கள் டெபாசிட் யோசனை இதைவிடப் பரவாயில்லை, இழப்பது கொஞ்சம் வட்டிதான். ஆனால் அந்தப் பணம் எதற்கென்று போட்டு வைத்தீர்களோ அந்தத் தேவை அப்படியே இருக்கிறதே.

கப்பல் டிக்கெட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. முழுப் பணத்தையும் இன்றே கேட்கமாட்டார்கள். முன்பணம் கட்டி அறையைப் பிடித்துக்கொண்டால், மீதியைப் புறப்படுவதற்குச் சுமார் 90 நாள் முன்பு கட்டினால் போதும். சில நிறுவனங்கள் 120 நாள் முன்பே கேட்கும். ஆகவே உங்களிடம் இருப்பது 18 மாதம் அல்ல, 14 அல்லது 15 மாதம். மொத்தச் செலவை அத்தனை பங்காகப் போட்டு, மாதாமாதம் தொடர் வைப்பில் சேருங்கள். இவ்வளவு குறுகிய காலத்துக்குப் பங்குச் சந்தைப் பக்கம் போகாதீர்கள். முன்பணம் திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா என்பதை மட்டும் கட்டும் முன் கேட்டு வாங்குங்கள். அதே அறைக்கு இரண்டு விலை சொல்வார்கள். குறைந்த விலையில் கட்டிய முன்பணம் போனால் போனதுதான். 78 வயதுப் பெரியவர் உடன் வரும்போது, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்கும் வகையையே எடுப்பேன்.

இனி, அந்த ‘மொத்தச் செலவு’ எவ்வளவு என்பது. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன். என் முதல் கப்பல் பயணத்தின் கடைசி இரவு, கதவுக்கடியில் ஒரு காகிதத்தைச் செருகிவிட்டுப் போனார்கள். எடுத்துப் பார்த்தால் இரண்டரைப் பக்கம். காலையும் மாலையும் ‘நல்ல காபி’ என்று தனிக் கடையில் வாங்கியது, அறைக் குளிர்பெட்டியில் இருந்த தண்ணீர்ப் பாட்டில், படிக்கட்டில் நிற்கவைத்து எடுத்த நாலு போட்டோ. ஒவ்வொன்றும் சின்னத் தொகை. கூட்டினால் என் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு. கப்பலில் காசு கைமாறுவதே இல்லை. அறையைத் திறக்கும் அட்டைதான் பணப்பையும். நீட்டுவதும் தெரியாது, போவதும் தெரியாது.

டிக்கெட்டில் உண்மையிலேயே அடங்குபவை: அறை, பொதுச் சாப்பாட்டுக்கூடம், பஃபே, நாடக அரங்கு, நீச்சல்குளம், உடற்பயிற்சிக்கூடம். இவற்றோடு நிறுத்திக்கொண்டாலே வாரம் நிறைவாகப் போகும். பெரும்பாலான பெரிய கப்பல்களில் மது, பாட்டில் குளிர்பானம், தனி உணவகங்கள், இணையம், ஸ்பா, துணி துவைப்பது, கரையில் சுற்றிப் பார்ப்பது எல்லாமே தனி.

விளம்பரத்தில் கண்ணில் படாத பெரிய செலவு, சேவைக் கட்டணம். டிப்ஸ் என்பார்கள், ஆனால் நீங்களாகக் கொடுப்பதல்ல, தானாகக் கணக்கில் ஏறிவிடும். பெரிய கப்பல்களில் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர். 18 என்று வைத்தால், மூன்று பேர், 7 இரவு: 378 டாலர். ‘ஒரே அறையில் மூன்றாவது ஆளுக்கு டிக்கெட் மலிவு’ என்று முகவர் சொல்வது பெரும்பாலும் நிஜம்தான். ஆனால் மலிவாவது டிக்கெட் மட்டுமே. சேவைக் கட்டணமும் துறைமுக வரியும் அத்தைக்கும் முழுசாகவே வரும். இது போதாதென்று, மது, ஸ்பா பில்களில் 18 அல்லது 20 சதவீதம் தனியாகச் சேர்ப்பார்கள்.

மது பேக்கேஜ் பற்றி ஒரு வார்த்தை. கணவருக்கு மாலையில் ஒரு பீர் என்றால் அதை எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு கோப்பையாவது உள்ளே போனால்தான் கட்டுப்படியாகும். அது மட்டுமா, ஒருவர் எடுத்தால் அதே அறையில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் எடுத்தாக வேண்டும் என்பது பல கப்பல்களில் விதி. அத்தையின் பெயரிலும் ஒரு மது பேக்கேஜ் வாங்கும் நிலை வரும்!

நான் போடும் தோராயக் கணக்கு இது: டிக்கெட் 100 என்றால், விமானச் செலவு நீங்கலாக, சிக்கனமான குடும்பத்துக்கே 150 ஆகும். கை தாராளம் என்றால் 180. நீங்கள் 160 என்று வைத்துச் சேருங்கள். கப்பல் ஏறும் ஊருக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்து ஒரு இரவு தங்கும் செலவும் இதில் இருக்கட்டும். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

இதில் கை வைக்கக்கூடாத செலவு ஒன்று உண்டு. அத்தைக்கான பயணக் காப்பீடு. கப்பல் மருத்துவமனை தனியார் கட்டணத்தில் நடப்பது. பில் நேராக உங்கள் அறைக் கணக்கில் ஏறும், பிறகு நீங்கள்தான் காப்பீட்டாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் அந்தத் தொகை டிக்கெட்டைப் பல மடங்கு தாண்டும். ஆகவே அவசர வெளியேற்றச் செலவும், அவருக்கு ஏற்கெனவே உள்ள நோய்களும் அடங்கும் பாலிசியாக, முன்பணம் கட்டிய சில நாட்களுக்குள் எடுங்கள். ரத்தக் கொதிப்போ சர்க்கரையோ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

அறை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் செலவழிக்கச் சொல்வேன். 2024 ஜனவரியில் முதல் பயணம் கிளம்பிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலின் நீளம் சுமார் 365 மீட்டர், 20 தளம். இந்த அளவுக் கப்பலில் சாப்பாட்டுக்குப் போய்வருவதே ஒரு நடை. அத்தைக்கு லிஃப்ட் பக்கத்து அறை, கடல் ஆட்டம் குறைவாகத் தெரியும் நடுப்பகுதி, கீழ்த்தளம் போதும். பால்கனிக்குக் கொடுக்கும் பணத்தை இதில் போடலாம். மூன்றாவது படுக்கை சோபாவை விரிப்பதாகவோ, சுவரிலிருந்து இறக்குவதாகவோ இருக்கும். அது அவருக்கு ஆகுமா என்று கேளுங்கள். தனி அறை என்றால் ஒருவருக்கே இரண்டு பேர் கட்டணம் கேட்பது இந்தத் தொழிலின் வழக்கம்.

ஏறும்போது அறைக் கணக்கோடு டெபிட் கார்டை இணைக்காதீர்கள். அன்றாடம் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், பயணம் முடிந்து விடுபடச் சில நாள் ஆகும். கிரெடிட் கார்டைக் கொடுத்து, வீடு திரும்பியதும் சேமிப்பிலிருந்து முழுசாக அடைத்துவிடுங்கள். துறைமுகம் விட்டதும் மொபைல்களை விமானப் பயன்முறையில் போடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் கோபுரத்தைத் தானாகப் பிடித்துக்கொண்டால் ரோமிங் கட்டணம் எகிறும். என் மனைவியின் கைப்பையில் தூங்கிய போன் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது.

தம்பி சொன்னது பொய்யல்ல. கார்னிவல், ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்கள், 100 பங்கு வைத்திருப்பவருக்குக் கப்பலில் செலவழிக்கச் சலுகைத் தொகை தந்து வந்திருக்கின்றன. 7 இரவுக்கு அது 100 டாலர் அளவில், அதுவும் ஆளுக்கல்ல, அறைக்கு. 2020 மார்ச்சில் உலகெங்கும் சொகுசுக் கப்பல்கள் நின்றபோது இந்தப் பங்குகள் சரிந்த சரிவை யோசித்தால், 100 டாலருக்காக எடுக்கும் ஆபத்து அல்ல இது. தம்பியிடம் ஏற்கெனவே 100 பங்கு இருக்கிறதென்றால், சலுகை அவர் தங்கும் அறைக்குத்தான். அதற்காக அவரையும் கூட்டிப் போனால், நாலாவது டிக்கெட்டுக்கும் கணக்கு போட வேண்டிவரும்.