‘சிலை மாதிரி இருக்கிறது’ என்றால் போதுமா?

வாசகர் கேள்வி: பிக்காஸோவின் ‘லார்ஜ் பேதர்’ (குளிக்கும் பெண்ணின் பெரிய ஓவியம், 1921) பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். கிரேக்கச் சிற்பத்தின் தாக்கம் இருப்பதாக நோட்ஸில் உள்ளது. ஆனால் அந்தப் பெண்ணின் கைகால்கள் பருத்துக் கிடக்கின்றன. இதில் கிரேக்க அழகு எங்கே?

பதில்: உங்கள் கண்ணில் உறுத்திய அந்தப் பருமனிலிருந்தே தொடங்குங்கள். தாக்கத்தை அழகில் தேடினால் கிடைக்காது, கனத்தில் தேடுங்கள். விரல்கள் உருளை உருளையாக இருக்கின்றன. மூக்கு நெற்றியிலிருந்து நேராக இறங்குகிறது. சதையின் நிழலில் சாம்பல் கலந்திருக்கிறது. நிர்வாணம் என்றாலும் கிளுகிளுப்பு இல்லை, கல்லின் பாரம்தான் தெரிகிறது. பிக்காஸோ 1917-ல் ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் போனார். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் ஃபர்னீஸ் தொகுப்பு (ஃபர்னீஸ் என்ற இத்தாலியப் பிரபு குடும்பம் சேர்த்த பழஞ்சிலைகள்) இருக்கிறது. அதிலுள்ள ஹெர்குலிஸ் சிலை 3 மீட்டருக்கும் மேல் உயரம். கிரேக்கச் சிலை ஒன்றைப் பின்பற்றி, பிரம்மாண்டமான ரோமானியக் குளியல் மண்டபத்துக்காகச் செய்தது. அந்த ராட்சத உடல்களை நினைத்துக்கொண்டு இந்தக் கைகளைப் பாருங்கள், பருமன் பிழையாகத் தெரியாது.

தயவுசெய்து காசு கொடுத்து ரெடிமேட் நோட்ஸ் வாங்காதீர்கள். எந்த நிர்வாண ஓவியம் என்றாலும் அவற்றில் ‘வீனஸ் டி மிலோவின் (கைகள் இல்லாத புகழ்பெற்ற கிரேக்கப் பெண் சிலை) தாக்கம்’ என்ற ஒரே வரிதான். கூடவே படத்தின் மேல் ஒரு சுருள் கோடு போட்டு ‘பொன் விகிதம்’, அதாவது அழகுக்கான கணித அளவு, என்பார்கள். அந்தச் சுருளை எந்தப் படத்தின் மேலும் பொருத்திவிடலாம், அதனால் எதுவும் நிரூபணமாகாது. இதற்கு மதிப்பெண் போடும் முறைதான் இந்த வியாபாரத்தை வளர்க்கிறது. ஓவியரின் காதல் வாழ்க்கையை ஒப்பித்தால் மார்க், படத்தைக் கண்ணால் பார்த்து எழுதினால் சந்தேகம்!

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். ‘கிரேக்கச் சிலை போல் நிறமற்றது’ என்று எழுதிவிடாதீர்கள். கிரேக்கச் சிலைகளுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள். உதடு, கண்மணி, தலைமுடி, ஆடையின் கரை எல்லாவற்றிலும் வண்ணம் இருந்தது. நூற்றாண்டுகளில் அது உதிர்ந்துபோய்தான் வெறும் கல் மிஞ்சியது. ஆக, பிக்காஸோ பின்பற்றுவது கிரேக்கர்கள் கண்ட சிலையை அல்ல, அருங்காட்சியகத்தில் நாம் காணும் வெளிறிய சிலையை. இந்த வேறுபாட்டை ஒரு பத்தியில் எழுதினாலே உங்கள் கட்டுரை மற்றவற்றிலிருந்து தனித்து நிற்கும்.

ஓவியம் சுமார் 1.8 மீட்டர் உயரம், பாரிஸின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேரில் பார்க்க முடியாவிட்டால் அந்த அருங்காட்சியகத்தின் இணையதளப் படத்தைப் பெரிய திரையில் திறந்து, முதலில் கைகளை மட்டும் பாருங்கள். பார்த்ததைப் பத்து வரி எழுதிய பிறகு நோட்ஸைத் தொடுங்கள்.