பழைய செவன் காரைப் பிரித்துக் கட்டுவது: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

1988-இல் யாரோ ஒருவர் தன் வீட்டிலேயே பூட்டிய கேட்டர்ஹாம் செவன் என்ற சின்னத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, தெற்கு லண்டனில் ஒரு கார் மட்டும் நிற்கிற கேரேஜில், மூன்று குளிர்காலம் முழுக்கப் பிரித்து, திரும்பக் கட்டி, எம்.ஓ.டி. (பிரிட்டனில் வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை) எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபோர்டு கிராஸ்ஃப்ளோ இன்ஜின், லைவ் ஆக்ஸில் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இறுக்கமான ஆக்ஸில்), ஹீட்டர் கிடையாது. இதைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வந்ததால் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, கிட் கார் என்றால் பொம்மை மாதிரி பெட்டியில் வருமா? ஏன் அப்படி விற்றார்கள்?

பதில்: பெட்டி பெட்டியாகத்தான் வரும். செவனை 1957-இல் லோட்டஸ் நிறுவனம் கொண்டுவந்தது, வடிவமைத்தவர் காலின் சாப்மன். அப்போது பிரிட்டனில் முழுதாகப் பூட்டிய புதுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, உதிரிபாகமாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் அது கிடையாது. அதனால்தான் சாதாரணச் சம்பளக்காரர்களும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்துக்கொள்ள முடிந்தது. 1973-இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. அதே வருடம் சர்ரேயில் இருந்த கேட்டர்ஹாம் விற்பனையகம் இந்தக் காரைச் செய்யும் உரிமையை லோட்டஸிடமிருந்து வாங்கியது, இன்றைக்கும் அந்தப் பெயரில்தான் வருகிறது. வரிச் சலுகை போனாலும் வீட்டில் பூட்டும் பழக்கம் போகவில்லை. என் கார் எடை கிட்டத்தட்ட 540 கிலோ. இன்றைய சின்ன ஹேட்ச்பேக்கில் பாதி வரும்.

கேள்வி: பிரித்துப் போட்ட நிலையில் ஒரு செவன் விலைக்கு வருகிறது. இன்ஜின் புதிதாக ரீபில்ட் செய்தது என்கிறார்கள். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: இன்ஜினைப் பார்க்காதீர்கள். விற்கிறவர் இன்ஜினைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார், பேசட்டும், நீங்கள் ஒரு டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு தரையில் படுங்கள். இந்தக் காரில் உயிர் அதன் சேசிஸில்தான் இருக்கிறது. மெல்லிய இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து கட்டிய கூண்டு, அதன் மேல் அலுமினியத் தகடு ரிவெட் அடித்திருக்கும். இன்ஜின் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். கூண்டு போயிருந்தால் நீங்கள் வாங்குவது வெறும் உதிரிபாகக் குவியல்.

தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல ஒவ்வொரு குழாயையும் தட்டுங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும், உள்ளே துருப்பிடித்தது மந்தமாக ஒலிக்கும். தரையோடு ஓடும் கீழ்க்குழாய்கள், இருக்கைக்குப் பின்னால் ஆக்ஸிலைப் பிடிக்கும் இடங்கள், முன்னால் விஷ்போன் (சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டை வடிவக் கை) பூட்டும் காதுகள் ஆகிய மூன்றையும் விடாதீர்கள். பிறகு டேப் வைத்து மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவு வராவிட்டால் எங்கோ இடிபட்ட கார். லைவ் ஆக்ஸில் கார் என்றால் டிஃபுக்கு (ஆக்ஸில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் கியர்) அடியில் ஏ-ஃப்ரேம் (ஆக்ஸிலைச் சேசிஸோடு பிடிக்கும் ஏ வடிவச் சட்டம்) பூட்டுகிற இடத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அங்கே பளு அதிகம், ஆக்ஸில் கூடு விரிசல் விட்டு எண்ணெய் கசியும், அந்த எண்ணெய் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கூழாக்கிவிடும். என் காரிலும் அப்படித்தான் இருந்தது. கூட்டை வெல்டிங் செய்து, கீழே ஒரு வலுவூட்டும் தகடு வைத்த பிறகுதான் சரியாயிற்று.

சேசிஸில் அடித்திருக்கும் எண்ணும் லாக்புக்கில் (காரின் பதிவு ஆவணம்) உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள். லாக்புக் "அப்புறம் வரும்" என்றால் நான் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுவேன்.

கேள்வி: முழுக்கப் பிரித்துக் கட்டினால் புதுக் காராகக் கருதி மறுபடி ஐ.வி.ஏ. சோதனை (தனி ஆள் கட்டிய ஒற்றைக் காரைப் பதிவு செய்யும் முன் பிரிட்டனில் நடத்தும் சோதனை) கேட்பார்களா?

பதில்: பழைய சேசிஸ் வெட்டாமல் அப்படியே இருந்து, இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், சஸ்பென்ஷன் எல்லாம் அதே காருடையது என்றால் அது பழுதுபார்ப்புதான், எண் மாறாது, எம்.ஓ.டி. போதும். சேசிஸே மாற்ற வேண்டி வந்தால், அதே அளவில் தயாரிப்பாளரிடம் புதிதாக வாங்கி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சேசிஸை வெட்டி வடிவம் மாற்றினாலோ நாலு காரிலிருந்து பாகம் எடுத்தாலோ கதை வேறு, கியூ எழுத்து நம்பர் பிளேட்டில் (வயதோ மூலமோ உறுதியாகத் தெரியாத வண்டிக்குக் கொடுப்பது) போய் முடியலாம். இந்த விதிகளை டி.வி.எல்.ஏ. (பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம்) 2025-இல் மாற்றியமைத்தது, அதனால் பழைய ஆட்கள் சொல்வதை நம்பி வெட்டாதீர்கள். கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன் இன்றைய விதியைப் படியுங்கள். பிரிக்கும்போதே படம் எடுத்து வையுங்கள், ஒவ்வொரு போல்ட்டும் எங்கிருந்து வந்தது என்று தெரியும்படி. நான் ஆயிரத்துக்கு மேல் எடுத்தேன், ஒன்றும் வீணாகவில்லை.

கேள்வி: அலுமினியத் தகட்டைக் கழற்றினால் அடியில் வெள்ளைப் பொடியும் துருவும். பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கும் பெயிண்ட்) கொடுத்தால் போதுமா?

பதில்: இரும்பும் அலுமினியமும் ஒட்டி இருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும், அந்த வெள்ளைப் பொடி அதுதான். குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு சேர்ந்தால் இன்னும் வேகம். இரண்டு உலோகமும் நேரடியாகத் தொடாமல் பார்த்துக்கொள்வதே மருந்து. ரிவெட் தலையைத் துளையிட்டு எடுங்கள், தகட்டை நெம்பாதீர்கள், அது வளைந்தால் திரும்ப நேராகாது. குழாயைச் சுத்தம் செய்து பெயிண்ட் அடித்து, மேலே பாலியூரிதேன் சீலண்ட் ஒரு கோடு இழுத்து, அதன் மேல் தகட்டை வைத்து, முனை மூடிய ரிவெட் போடுங்கள். ஒவ்வொரு ரிவெட்டையும் சீலண்டில் தொட்டுவிட்டு அடித்தால் துளை வழியே தண்ணீர் இறங்காது.

பவுடர் கோட்டிங் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பார்க்க அழகு, உறுதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தடித்த உறை, ஒரு இடத்தில் கீறல் விழுந்தால் தண்ணீர் அடியில் நுழைந்து வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளேயே துருப்பிடிக்கும். வெல்டிங்கில் மயிரிழை விரிசல் விட்டாலும் மறைத்துவிடும். அதனால் நான் எபாக்சி பிரைமரும் இரண்டு பகுதி பெயிண்டும் அடித்தேன், வெளிர் சாம்பல் நிறத்தில், விரிசல் வந்தால் கண்ணில் படட்டும் என்று. பழைய பெயிண்டும் துருவும் போக மணல் அடிக்கக் கொடுக்கும்போது குழாய் மெல்லிது என்று எழுதிக் கொடுங்கள். எனக்கு அடித்த கடையில் அழுத்தத்தைக் குறைக்காமல் ஒரே இடத்தில் நிறுத்தி அடித்து ஒரு குறுக்குக் குழாயைத் தேய்த்துவிட்டார்கள், அதை வெட்டி மாற்றவேண்டி வந்தது.

கேள்வி: கிராஸ்ஃப்ளோ இன்ஜினுக்கு இப்போதைய பெட்ரோல் ஒத்துவருமா?

பதில்: வரும், இரண்டு வேலை செய்தால். ஈயம் கலந்த பெட்ரோல் 1999 முடிவோடு இங்கே கடைகளில் நின்றுவிட்டது, பழைய ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வ் உட்காரும் இடம் மெல்லத் தேய்ந்து உள்ளே இறங்கும். ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே கடினமான வால்வ் சீட் போட்டுவிடுங்கள். இன்னொன்று எத்தனால். 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாயை அது உள்ளிருந்து கரைக்கும், சூடான இன்ஜினுக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் கசியும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் எல்லாக் குழாயையும் மாற்றுங்கள், ஆர்9 தரம் என்று அச்சிட்டதை வாங்குங்கள். நான் சூப்பர் பெட்ரோல் ஈ5 தான் ஊற்றுகிறேன்.

கேள்வி: அண்ணை, நான் செவன் வாங்கேல்லை, மஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்றைப் பிரித்து லோகோஸ்ட் (குறைஞ்ச செலவில வீட்டிலேயே கட்டுற செவன் மாதிரிக் கார்) மாதிரி ஒன்று கட்டுறன். ஐ.வி.ஏ. சோதனையில எதில விழுவம்?

பதில்: தம்பி, பெரும்பாலும் பெரிய விஷயத்தில் விழமாட்டீர்கள். பிரேக்கும் வெல்டிங்கும் கவனமாகச் செய்திருப்பீர்கள், கூர்மையான விளிம்பில் விழுவீர்கள். வெளியே, 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து தொடக்கூடிய எந்த விளிம்பும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைந்திருக்க வேண்டும். நடந்து போகிறவர் மேல் பட்டால் கிழிக்கக்கூடாது என்பதுதான் காரணம். நம்பர் பிளேட் தகடு, ஹெட்லைட் தாங்கி, விங் ஸ்டே (மட்கார்டைத் தாங்கும் கம்பி), நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனை எல்லாம் இதில் சேரும். அளவான ஒரு பந்தை எடுத்துக் காரைச் சுற்றி உருட்டிப் பாருங்கள், ஒரு மாலை நேரம் போகும், ஆனால் மறுசோதனைக் கட்டணம் மிச்சம். உள்ளே டாஷ்போர்டுக்கு 165 மில்லிமீட்டர் பந்து, அது தலை அளவு.

அடுத்தது ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவது. வளைத்து ஓட்டிக் கையைத் தளர்த்தினால் சக்கரம் நடுவுக்கு வர முயல வேண்டும். மஸ்டாவின் முன்பக்க எடைக்காக அமைந்த பாகங்கள் உங்கள் மெல்லிய காரில் சோம்பலாக இருக்கும். காஸ்டர் கோணத்தை (ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) கூட்டுங்கள், ஸ்டீயரிங் காலம் எங்கும் உரசாமல் சுழல்கிறதா பாருங்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்காதீர்கள், கார் தன் எடையில் தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். இல்லையென்றால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும், உயரமும் தவறாக நிற்கும்.

ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மையான 40 மைலில் 50.25 வரை. சத்தம் 99 டெசிபெலுக்குள், அதை உச்ச சக்தி வரும் சுழற்சியில் முக்கால் பங்கில் வைத்து அளப்பார்கள். பின்புற மூடுபனி விளக்கு நடுவில் அல்லது வலப்பக்கம். பிரேக் போட்டால் முன்சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். இன்ஜின் எந்த வருடத்தது என்பதற்குச் சான்று இல்லாமல் போகாதீர்கள், புகை அளவு அதை வைத்துத்தான்.

கேள்வி: கோவையில் பொறியியல் படிக்கிறேன் ஐயா. மாருதி இன்ஜின் வைத்து இப்படி ஒன்று கட்டி ரோட்டில் ஓட்ட வழி உண்டா?

பதில்: ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் ரோட்டில் ஓட்ட நேர்வழி இல்லை. பிரிட்டனில் தனி ஆள் கட்டிய ஒற்றைக் காரைச் சோதித்துப் பதிவு செய்ய ஏற்பாடு இருக்கிறது. இந்தியாவில் மாதிரி வாகனத்தைச் சோதனை நிறுவனத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும், அது தயாரிப்பாளர்களுக்காக அமைந்த முறை. இருக்கும் காரை மாற்றலாம் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் உங்கள் ஊரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, மாணவர்கள் தாங்களே கட்டிய காரை ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டி அங்கே நடக்கிறது. அதில் சேருங்கள். குழாய்க் கூண்டு, சஸ்பென்ஷன் கணக்கு, எடை குறைப்பது எல்லாம் இதே பாடம்தான்.

கேள்வி: நாலு சக்கரத்தின் எடையையும் சமப்படுத்த விலையுயர்ந்த தராசு வேண்டுமா?

பதில்: வேண்டாம். சக்கரத்துக்கு இரண்டு குளியலறைத் தராசு, மேலே தடித்த பலகை, இரண்டு அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். தரை மட்டம் முக்கியம். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமாக எதையாவது வையுங்கள், நான் தமிழ்க்கடையில் வாங்கிய 20 கிலோ அரிசி மூட்டை மூன்றும் ஒரு பத்து கிலோவும் வைத்தேன். ஆன்டி ரோல் பாரை (வளைவில் கார் சாயாமல் இடது வலது பக்கங்களை இணைக்கும் கம்பி) கழற்றிவிட்டு, இடது முன்னும் வலது பின்னும் சேர்ந்து மொத்த எடையில் பாதி வரும்வரை ஸ்ப்ரிங் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். இது சரியில்லை என்றால் ஈரச் சாலையில் பிரேக் போடும்போது ஒரு முன்சக்கரம் மட்டும் சீக்கிரம் வழுக்கும். இவ்வளவு மெல்லிய காரில் பத்து கிலோ வித்தியாசமே கையில் தெரிகிறது.

கேள்வி: எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். வீட்டில் பயப்படுகிறார்கள். பாதுகாப்பா?

பதில்: நேராகச் சொல்கிறேன் அக்கா, இன்றைய கார் அளவுக்கு இல்லை. ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, கதவு பேருக்குத்தான், லாரி ஓட்டுநர் கண்ணுக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். நல்ல ரோல் பாரும் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவுக் குழாய்) புது பெல்ட்டும் போடுங்கள், பழைய பெல்ட் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். பிள்ளைகளை நான் ஏற்றுவதில்லை. காப்பீடு எடுக்கும்போது காரின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதிய பாலிசி கேளுங்கள், வருடத்தில் ஓட்டும் மைலைக் குறைத்தால் கட்டணமும் குறையும்.

கேள்வி: எல்லாம் பூட்டியாயிற்று, எம்.ஓ.டி.யும் கிடைத்துவிட்டது. முதல் ஓட்டம் எப்படிப் போகலாம்?

பதில்: வீட்டைச் சுற்றிப் பத்து மைல், காய்ந்த ரோட்டில், பகலில். திரும்பி வந்ததும் சக்கர நட்டு, விஷ்போன் போல்ட், ஸ்டீயரிங் மூட்டு, ஏ-ஃப்ரேம் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டுவது) மறுபடி பாருங்கள், புதுப் பெயிண்ட் அழுந்துவதால் கட்டாயம் ஏதாவது தளர்ந்திருக்கும். சரியாக இருக்கும் ஒவ்வொரு போல்ட்டிலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் அடுத்த முறை கண்ணாலேயே தெரியும். இரவு காருக்கு அடியில் பழைய செய்தித்தாள் விரித்து வையுங்கள். காலையில் அதில் எங்கே எண்ணெய்ப் பொட்டு இருக்கிறதோ அங்கேதான் அன்றைய வேலை. பிறகு ஐம்பது மைல், மறுபடி ரெஞ்ச், பிறகு நூறு. என் காரில் நானூறு மைல் ஆன பிறகுதான் எந்தக் கோடும் நகராமல் நின்றது, அன்றைக்குத்தான் பிரைட்டன் வரை போய் வந்தேன்.